என்றால் சரியல்ல

பெயர் பிரம்மசக்தி, ஊர் முக்கூடல்.
காகிதத்தில் அந்தப் பெயர் முதல் பக்கத்தோடு சரி.
அப்புறமெல்லாம் நான் மனுதாரர்.
மினிலாரிக்காரர் முதலாம் எதிர்மனுதாரர்.
முகமே இல்லாத இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது.
முதலாமவர் ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை.
"எக்ஸ்பார்ட்டி ஆக்கியாச்சு" என்றார் குமாஸ்தா.
ஏதோ கட்சியில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வாய்தா என்றால் தேதி என்றுதான் எண்ணியிருந்தேன்.
வாய்தா என்றால் ஜங்ஷனில் இறங்கி
பாளையங்கோட்டைக்கு இன்னொரு பஸ்.
கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டே
ஒண்ணுக்குப் போகாமல் மத்தியானம் வரை.
பதினேழு முறை.

கம்பெனியில் பீடியைக் கொடுத்து
கழிவு போக எண்ணி முடித்து
கடையம் ரோட்டைக் கடக்கையில் நடந்தது.
வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்
இன்னும் இருக்கின்றன. மடங்காது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள்
வளைத்துப் பார்த்து எழுதினார்கள்:
நிரந்தர ஊனம், பதினெட்டு சதவீதம்.

வக்கீல் ஜெபக்கனி எழுந்து,
உடம்புக்குப் பதினெட்டு ஐயா,
பீடிக்கு எத்தனை என்று கேளுங்கள் என்றார்.
நீதிபதி என் கையைப் பார்த்தார்.
நான் சேலைக்குள் வைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியாமல்.

குறுக்கு விசாரணை.
கம்பெனி வக்கீல் நல்ல மனுஷர்தான், இருமலுக்கு நடுவே கேட்டார்.
வண்டி வருவதைப் பார்க்காமல் ஓடினீர்கள்.
"இல்லைங்கய்யா."
கை முன்னமே பழுது.
"இல்லைங்கய்யா."
பீடி அட்டை நாத்தனார் சண்முகவடிவு பெயரில்,
நீங்கள் பீடியே சுற்றியதில்லை.
"அட்டை அவ பேர்லய்யா, சுத்துனது நானு."
நான் சொன்ன சிறு சொல்லை எல்லாம்
டைப் அடிக்கிற பெண் நீளமாக்கினாள்:
நான் வாகனத்தைக் கவனிக்காமல் ஓடினேன் என்றால் சரியல்ல.
என் கை முன்பே பழுதடைந்திருந்தது என்றால் சரியல்ல.
படித்துக் காட்டியபோது
யாரோ தைரியமான பொம்பளை பேசியது போலிருந்தது.

தப்பையும் மீனைப் போலக் கூறு போடலாம்.
லாரிக்கு எண்பது, எனக்கு இருபது,
பெயர் பங்குக் கவனக்குறைவு.
அட்டை இல்லாத உழைப்புக்கு உத்தேச வருமானம்.
எனக்கு முப்பத்தொன்பது வயது; ஆதாரில் நாற்பத்தொன்று,
பள்ளிக்கூட வராந்தாவில் படம் பிடித்த பையனுக்கு
நான் குத்துமதிப்பாகச் சொன்னது.
அதனால் பெருக்கெண் பதினைந்து இல்லை, பதினாலு.
ஒரு வருஷக் கூலியை
அந்த வராந்தாவிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வலியும் வேதனையும் என்று ஒரு வரி, எதிரே ஒரு தொகை.
இரண்டும் ஒன்றுதானே என்றேன்.
"சேர்த்துத்தான் டைப் அடிப்போம்" என்றார் குமாஸ்தா,
கல்யாணப் பத்திரிகையைச் சொல்வது போல.
வாழ்வின் வசதிகள் இழப்பு என்று இன்னொன்று.
எங்களுக்கு ஏது வசதி என்று சிரித்துவிட்டேன்.
ஜெபக்கனி சிரிக்கவில்லை.
"மகளுக்குச் சடை போடுதியளா?" என்று மட்டும் கேட்டார்.

தீர்ப்பு வந்து, அப்பீல் காலம் கழிந்து,
பணம் பேங்கில் விழுந்தது.
பக்கத்து வீட்டில் யோகக்காரி என்றார்கள்.
ராத்திரி தூக்கத்தில் விரல் இலை சுருட்டுகிறதாம்,
மகள் சொன்னாள்.

சீட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.
கவுண்டரில் இருந்தவர் பழையதையும் புதியதையும்
மாறி மாறிப் பார்த்தார்.
"இது உங்க கையெழுத்து இல்லையேம்மா."

"என்றால் சரியல்ல" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார்.
வரிசையில் பின்னால் யாரோ,
ஏட்டி, சீக்கிரம் என்றாள்.